முட்டைச் சுருள்

ராகேல் குனிந்தாள். விஜய்குமாரும் குனிந்தான். இரண்டு தலைகளுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. காப்பித் தட்டோடு அடுக்களை வாசலில் நின்ற பொன்செல்வி அந்த விரற்கடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஜைமேல் கண்ணாடிக் கிண்ணம். கூடத்துப் பவளத் தொட்டியிலிருந்து எடுத்த கடல்நீரில் அயோடின் விட்டு, அதில் பவளக் கல்லை முக்கி வைத்திருந்தார்கள். கல் முழுக்கச் சட்டைப் பொத்தான் அளவில் பச்சைப் பவளங்கள். ஓணத்துக்கு ராகேல் தன் வீட்டுத் தொட்டியிலிருந்து கொடுத்த கல். கொஞ்ச நாளாக அவை விரியவில்லை. அதிலிருந்து விஜய்குமாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பொன்செல்வி காய்ச்சலில் கிடந்தபோது மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டவன்தான்.

"விஜி, கண்டியா? இவனாக்கும் கள்ளன்."

ராகேல் பிரஷ்ஷால் தட்ட, பவளத்திலிருந்து ஒன்று கழன்று மிதந்தது. ஓடில்லாத கடல் நத்தை. ஒரு அரிசி நீளம்கூட இல்லை. அதே பச்சை.

"தின்னுகதுக்க நிறத்தையே மேல எடுத்துக்கிடுவான். அதான் ஒனக்குத் தெரியல்ல."

"நீ வரல்லேண்ணா நான் லைட்ட மாத்தி, தண்ணிய மாத்தி, மொத்தத்தையும் கொன்னிருப்பேன்" என்று சிரித்தான் விஜய்குமார்.

விஜி. கல்யாணமான நாளிலிருந்து பொன்செல்வி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இவள் யார்? கழக்கூட்டம் ஆபீஸில் அவனுக்கு அடுத்த மேஜை. மார்த்தாண்டத்துக்காரி. இந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே, கேட்காமல் ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்தவள். கள்ளனும் அவள் வீட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

"அக்கா, காப்பிய இங்கிண வைங்க" என்றாள் ராகேல். பொன்செல்வியின் வீட்டில் பொன்செல்விக்கே இடம் காட்டினாள்.

"நத்தை செத்துரும் விஜி. முட்டைக்கு இந்த மருந்து ஏறாது. வெள்ள நூலு சுத்துன மாதிரி ஒட்டிட்டு இருக்கும், சுரண்டித்தான் எடுக்கணும். கையுறை போடாம தொட்டுராத, பவளத்துக்க சாறு வெஷம்." கைகளைத் துடைத்தாள். "அடுத்த ஞாயிறு வாறேன். முட்டை கண்டா பின்ன எல்லா ஞாயிறும் வரணும். இல்லேண்ணா எனக்க பணி தீந்துது."

"எல்லா ஞாயிறும் வா. சோறு போடுகேன்."

பகடிதான். பகடிக்கு அவன் காது ஏன் சிவக்க வேண்டும்?

மறுநாளிலிருந்து, அவன் பஸ் ஏறியதும் பொன்செல்வி டார்ச்சோடு தொட்டிமுன் உட்கார்ந்தாள். வியாழக்கிழமை மத்தியானம் அகப்பட்டது. கல்லின் அடிப்பக்கம், இரண்டு பவளத் தண்டுகளுக்கு நடுவே, வெள்ளை நூல் சுருள்.

சொன்னால் அவள் வருவாள். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவளே கண்டுபிடிப்பாள். அப்போதும் வருவாள்.

கையுறை. பழைய டூத் பிரஷ். தையல் ஊசி. எத்தனை சொட்டு அயோடின், எவ்வளவு நேரம் முக்க வேண்டும், எல்லாம் பொன்செல்விக்குத் தெரிந்திருந்தது. ராகேலின் கைகள் எங்கே போகின்றன என்று காவல் காத்தவளுக்கு, அந்தக் கைகள் செய்த வேலையும் மனப்பாடமாகியிருந்தது. சுருளை ஊசியால் கிளப்பினாள். பக்கத்தில் இன்னொன்று. அதையும். கல்லைத் தொட்டித் தண்ணீரில் அலசி, அதே இடத்தில் அதே சாய்வில் வைத்தாள். ஸிங்கில் குழாயைத் திறந்துவிட்டபோது ஒரு ஆளையே தெருவைத் தாண்டி விரட்டின நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை ராகேல் கல்லை வெளியே எடுத்து, லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இங்க ஊசி வச்சு சுரண்டுன தடம் இருக்கே. விஜி, நீயா?"

"நான் தொடல்லியே."

"நான்தான்" என்றாள் பொன்செல்வி. "முட்டை கண்டேன். எடுத்துட்டேன்." குரல் தேவைக்கு மேல் கொஞ்சம் தூக்கலாகவே வந்துவிட்டது.

விஜய்குமார் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒன்ன யாருட்டி தொடச் சொன்னா?"

ராகேல் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பொன்செல்வியின் முகத்தை. கல்லை மெதுவாகத் தொட்டிக்குள் இறக்கினாள்.

"ஏன் விஜி, சுத்தமாட்டுல்லா எடுத்திருக்காங்க. எனக்குக்கூட இவ்வளவு வராது." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "இனி நான் வரண்டாம் அக்கா. நீங்களே போதும்."

காப்பி வேண்டாம் என்றாள். செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு போய், தெருவில் நின்றுதான் வாரை மாட்டினாள். லென்ஸ் மேஜையிலேயே கிடந்தது.

பொன்செல்வி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தபோது, விஜய்குமார் தொட்டிமுன் மண்டியிட்டிருந்தான். ஒரு கையில் டார்ச், மறு கையில் அந்த லென்ஸ். பச்சைப் பவளங்கள் அத்தனையும் விரிந்து, நீரோட்டத்தில் ஆடின. இவ்வளவு அழகாக அவை விரிந்து அவள் பார்த்ததில்லை. அவன் அவற்றைப் பார்க்கவில்லை. தண்டுகளைப் பார்த்தான். இடுக்குகளை, கல்லின் நிழல் பக்கத்தை.

"என்ன தேடுதீங்க?"

"முட்டை ஒண்ணாவது இருக்கும்" என்றான், திரும்பாமல்.

மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. சட்டைக் கையால் துடைத்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டினான்.