அவரைக் கழித்தால் பெட்டியின் எடை

பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புகிறவர்கள் என்னிடம் வந்து விவரம் கேட்கிறார்கள். போன வாரம் மாடி வீட்டுக்காரி வந்தாள். அவள் மகன் கிளம்பப் போகிறான். தெரிந்ததைச் சொன்னேன். அசல் சான்றிதழ்களைக் கைப்பையில் வைக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக் கூடாது. மருந்து கொண்டுபோனால் டாக்டர் சீட்டும் கூடப் போக வேண்டும். கண்ணால் பார்க்காத அறைக்கு முன்பணம் கட்டக் கூடாது. முதல் நாள் தங்கும் விலாசத்தைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைக்க வேண்டும், போன் எந்த நேரத்திலும் உயிரை விடும். எல்லாம் என் கணவர் சொன்னவை. சொல்லும்போது அவர் குரலிலேயே சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

பெட்டியை வீட்டில் எப்படி எடை பார்ப்பது என்று கேட்டாள். "கொக்கியில மாட்டித் தூக்கிப் பாக்கிற சின்ன மெஷின் கடையில கிடைக்கும், அதை வாங்கிக்குங்க" என்றேன். எங்கள் வீட்டு முறையைச் சொல்லவில்லை.

அவர் லாரி பார்சல் ஆபீசில் சரக்கை எடை போட்டுச் சீட்டு எழுதுகிறவராக இருந்தார். கையில் தூக்கினாலே எடை சொல்லிவிடுவார். தராசு வேறு எண்ணைக் காட்டினால் தராசைத்தான் சந்தேகப்படுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு, மகளை அனுப்புவதும் ஒரு சரக்கு அனுப்புகிற வேலையாகத்தான் கைவந்தது. பெட்டியின் ஆறு பக்கமும் விலாசம் ஒட்டினார். அந்த ஊரில் படித்துத் திரும்பிய பிள்ளைகளை ஒவ்வொருவராகப் போனில் பிடித்து, குளிருக்கு எத்தனை சட்டை, மின்சாரப் பிளக் எத்தனை முள் என்று கேட்டுத் துளைத்தார்.

"அப்பா, நான் படிக்கப் போறேன். பார்சல்ல போகல" என்றாள் மகள்.

"பார்சலா இருந்தா எனக்குக் கவலையே இல்லை, வக்கீலம்மா. அது எதிர்த்துப் பேசாது."

அவள் படித்தது சட்டம் இல்லை, மண்ணும் நீரும் பற்றிய படிப்பு. வாய் நீளம் என்பதால் அவர் வைத்த பெயர் அது.

எங்கள் வீட்டு எடை மெஷின் சின்னது. பெட்டியை அதன் மேல் வைத்தால் எண் தெரியும் கண்ணாடி மறைந்துவிடும். அதனால் அவர் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி மெஷினில் ஏறி நிற்பார். நான் தரையில் குனிந்து முள்ளைப் பார்த்துச் சொல்வேன். அதில் அவரைக் கழித்தால் பெட்டியின் எடை. அவர் எழுபத்திரண்டு கிலோ. கல்யாணத்தன்று எழுபத்திரண்டு, மகள் பிறந்த அன்று எழுபத்திரண்டு. எங்கள் வீட்டுக் கதவு எண்ணைப் போல அது மாறாத விஷயம். அதை யாரும் சரிபார்க்க நினைக்கவில்லை.

மகள் சிறு பெண்ணாக இருந்தபோது அந்த மெஷினில் அவர் ஏறினால் போதும், பூனை மாதிரிப் பின்னால் போய் நின்று கட்டைவிரலால் ஓரத்தை அழுத்துவாள். முள் எகிறும். "ஐயையோ, மத்தியானம் ரெண்டு வாய் அதிகமாயிடுச்சு போல" என்று அவர் அலறுவார். பின்னால் திரும்பிப் பார்க்கவே மாட்டார். தெரியாதது போல இருப்பதுதான் விளையாட்டு.

விசா வேலைக்காக அலைந்த அந்த மாதங்களில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் போட்டதில் பாதியைத் தள்ளி வைப்பார். மாலையில் மாடிப்படி ஏறி வந்தால் வாசலிலேயே உட்கார்ந்துகொள்வார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் நச்சரித்தேன்.

"வக்கீல் விமானம் ஏறட்டும். மறுநாளே வரேன். இப்பப் போனா டாக்டர் ஒரு டெஸ்ட் எழுதுவான், இவ போக மாட்டேன்னு உக்காந்துக்குவா."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள்.

கிளம்புகிற நாளன்றும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறினார். நான் குனிந்து பார்த்தேன். தொண்ணூற்றைந்து. "இருபத்திமூணு. அளவெடுத்துத் தைச்ச மாதிரி" என்றார் திருப்தியாக. கனமான பூட்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்து அவள் காலில் மாட்டச் சொன்னதும் அவர்தான். காலில் இருப்பதை யாரும் எடை போட மாட்டார்களாம்.

விமான நிலையத்தில் பார்வையாளர் சீட்டு வாங்கி நாங்களும் உள்ளே போனோம். கவுண்டரில் இருந்த பெண் பெட்டியை வாங்கி எடைத்தட்டில் வைத்தாள். எண்ணைப் பார்த்தாள்.

"இருபத்தொன்பது இருக்கு சார்."

"உங்க மெஷினைக் கொஞ்சம் பாருங்கம்மா. நான் முப்பது வருஷமா எடை போடுறவன்."

அவள் கோபப்படவில்லை. பக்கத்துக் கவுண்டரில் வைத்துக் காட்டினாள். அங்கேயும் இருபத்தொன்பது. அவர் முகத்தில் வியர்வை படர்ந்ததைப் பார்த்தேன். வெட்கம் என்று நினைத்தேன்.

தூண் ஓரமாகப் பயணிகள் தாங்களே எடை பார்த்துக்கொள்ள ஒரு தட்டு மெஷின் இருந்தது. அதன் பக்கத்தில் பெட்டியைத் தரையில் திறந்து போட்டோம். குக்கர் வெளியே வந்தது. இரண்டு போர்வை வந்தது. அடியிலிருந்து ஒரு சுத்தியலும் ஒரு பொட்டலம் ஆணியும் வந்தன.

"அங்க போய் நான் வீடா கட்டப் போறேன்?" என்றாள் மகள்.

"சட்டை மாட்ட ஆணி வேணாமா?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எடுத்த சாமான்களைத் துணிப்பையில் போட்டுத் தட்டில் வைத்தாள். ஆறு கிலோ. பெட்டியை வைத்தாள். இருபத்திமூன்று. சிரிப்பு நின்றது. கணக்கில் அவள் புலி. தலையை நிமிர்த்தி அப்பாவின் இடுப்பைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பெல்ட்டின் நுனி சுற்றிக்கொண்டு பின்பக்கம் வரை போயிருந்தது. கடைசி ஓட்டை கடையில் போட்டது இல்லை. ஆணியால் குத்தியது, ஓரம் பிசிறாக இருந்தது.

பெட்டியில் கூடியதாகத் தெரிந்த ஆறு கிலோ ஆளில் குறைந்திருந்தது.

"ஏறி நில்லுங்க" என்றேன்.

"எதுல?"

"இந்த மெஷின்ல."

"நான் என்ன லக்கேஜா? நேரமாகுது, பூட்டைப் போடு."

"நீங்க ஏறினாத்தான் பெட்டி நகரும்." மகளிடம் திரும்பினேன். "நீ போக வேணாம்டி. டிக்கெட் போனாப் போகுது."

அவர் குரலை உயர்த்தவில்லை. "இவ விமானம் ஏறலைன்னா நான் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியவள் நான். அவர் சொன்னால் செய்வார் என்று எனக்குத் தெரியும். மகளுக்கும் தெரியும். அவள் பூட்ஸின் கயிற்றைக் குனிந்து கட்டினாள். கட்ட அவ்வளவு நேரம் ஆகாது.

"நான் ஏறினா?" என்று கேட்டாள், குனிந்தபடியே.

"நாளைக்குக் காலைல. பல்லு விளக்கின கையோட."

"சத்தியமா?"

"பார்சல் ஆபீஸ் சத்தியம்."

அவள் எழுந்தாள். "அப்ப ஏறி நில்லுங்கப்பா. இல்லைன்னா அம்மா இங்கயே அழுது ஊரைக் கூட்டிடும்."

அவர் ஏறினார். கைகளைத் தொங்கவிட்டு, பள்ளிக்கூடப் பையன் போல நேராக நின்றார். எதிரே கம்பத்தில் எண் ஓடியது. அறுபத்தாறில் ஒரு கணம் தயங்கியது. பிறகு ஏறியது. அறுபத்தெட்டு, எழுபது. எழுபத்திரண்டில் நின்று லேசாக ஆடியது.

நான் கீழே பார்த்தேன். அவர் பின்னால் தட்டின் ஓரத்தில் அந்தக் கனமான பூட்ஸின் முனை இருந்தது. மகள் என்னைப் பார்க்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணையே பார்த்திருந்தாள், கூடவும் விடாமல் குறையவும் விடாமல்.

அவர் திரும்பவில்லை. எண்ணைப் படித்தார். "மத்தியானம் ரெண்டு வாய் அதிகமாயிடுச்சு போல" என்றார்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவே இல்லை.

மகள் அவர் முதுகில் நெற்றியை வைத்தாள். காலைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை. இறங்கியதும், "போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையா போன் பண்ணு. அசல் எல்லாம் கைப்பையில இருக்கான்னு பாத்துக்க" என்றார். அவள் பார்த்துக்கொண்டாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகும் பூட்ஸ் சத்தம் கொஞ்சதூரம் கேட்டது.

துணிப்பையை நான் சுமந்துவந்தேன். குக்கர் இப்போதும் இங்கேதான் இருக்கிறது. அவள் முதல் விடுமுறைக்கு முன்பே வர வேண்டியதாயிற்று. கடைசி நாட்களில் அவர் பக்கத்தில் இருந்தாள், முடிந்த பிறகு திரும்பிப் போய்ப் படிப்பை முடித்தாள். மாடி வீட்டுக்காரியிடம் அவள் நன்றாக இருக்கிறாள் என்றுதான் சொன்னேன். அது உண்மை.

அவர் சத்தியத்தைக் காப்பாற்றினார். மறுநாள் காலையில் எனக்கு முன்பே சட்டை போட்டுக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கும் முன் நர்ஸ் எடை போட்டாக வேண்டும் என்றாள். அவர் மெஷினில் ஏறினார். எண்ணைப் பார்க்காமல், முதல் தடவையாகத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்.

பின்னால் யாருமில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றேன்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் நர்ஸ்.