கோழி நினைவு உதவித்தொகை

என் கையெழுத்தை இந்த ஊரே சாப்பிட்டிருக்கிறது. கேக் கடை வைத்திருக்கிறேன். கேக்கின் மேல் க்ரீமால் பெயர் எழுதுவது நான் மட்டும்தான். க்ரீம் கூம்பை வேறு யாரையும் தொட விடமாட்டேன். முத்து முத்தாக எழுதுவேன். "வெட்டவே மனசு வரல" என்று சொல்லிவிட்டு எல்லோரும் வெட்டித்தான் தின்கிறார்கள்.

அப்படிப்பட்டவள் வயிற்றில் பிறந்தவனின் நோட்டைப் பார்த்துத்தான் ஒன்றாம் வகுப்பு டீச்சர், "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்றார். அன்றிலிருந்து அவன் பெயர் கோழி. அவனுக்கும் அது பிடித்துப்போய், நோட்டு அட்டையில் பெயர் எழுதுகிற இடத்தில் அதையே எழுதினான். எழுதியதாக அவன்தான் சொன்னான். படித்துச் சரிபார்க்க யாராலும் முடியவில்லை.

பத்து வயதில், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டான். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

இரண்டு வருஷம் கழித்து, அவன் படிப்புக்கென்று எடுத்து வைத்திருந்ததை அவன் பள்ளிக்கே கொடுத்து, ஒரு உதவித்தொகை ஏற்படுத்தலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். இதை ஒரே மூச்சில் சொன்னார் என்றால் பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

தலைமையாசிரியை எங்களை உட்கார வைத்து, "ஆறாம் வகுப்புல முதல் மார்க் வாங்கற பிள்ளைக்குக் கொடுத்துடலாம். உங்க பையன் மாதிரியே ஒரு நல்ல மாணவனுக்கு" என்றார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான்.

"நல்ல மாணவனா? கணக்குல பன்னெண்டு மார்க் போட்டீங்களே மேடம்?"

"விடை சரியாத்தான் இருந்திருக்கும். எங்களால படிக்க முடியல."

"அப்போ இந்தப் பரிசு எங்க கோழிக்கே கிடைச்சிருக்காது. அவன் வாசல்ல நின்னு வேடிக்கை பார்க்கிற பரிசுக்கு அவன் பேரை வைக்கணுமா?"

"அப்புறம் யாருக்குக் கொடுக்கணும்கிறீங்க?"

"இந்தப் பள்ளிக்கூடத்துலயே மோசமான கையெழுத்து யாருக்கோ, அவங்களுக்கு."

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார். என் வீட்டுக்காரர் மடியில் வைத்திருந்த கருவிப் பையைத் திறந்து, மறுபடி மூடினார். அவருக்கு மட்டும்தான் தெரியும், நான் எதற்கு அடிபோடுகிறேன் என்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதில் என் கள்ளத்தனம் ஒன்று இருந்தது.

காய்ச்சல் வந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம். நான் போனில் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, யாருடைய கல்யாண நாள் கேக்கிலோ கோழியே அவர்கள் பெயரை எழுதிவிட்டான். வாங்க வந்தவர் பெட்டியைத் திறந்து, "புது டிசைனா? நல்லாருக்கே!" என்று சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பதினாறு வருஷமாக நான் எழுதுகிறேன், ஒருத்தரும் டிசைன் என்று சொன்னதில்லை.

அவர் தெருமுனை திரும்புகிற வரை காத்திருந்து கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று நினைவில்லை. வழக்கமாகக் கத்துவதுதான். அறிவிருக்கா, உருப்படுவியா, போய் முப்பது தடவை எழுது. இப்படி எழுதச் சொல்லி நான் கத்தாத வாரம் கிடையாது. அவன் எழுதின வாரமும் கிடையாது. நானும் எங்கே என்று கேட்டதில்லை.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, கடையின் பின்னறையில் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒரு தாள் கிடைத்தது. இருபத்திரண்டு வரி. மூலையில் சாக்லேட் கட்டைவிரல் ரேகை. கேக் பெட்டியில் குத்துகிற தேதி முத்திரையை எடுத்து மேலே குத்தியிருந்தான். அதனால் தேதி மட்டும் படிக்க முடிந்தது. அதே சாயங்காலம்.

எனக்குத்தான் எழுதியிருக்கிறான் என்று பட்டது. அவ்வளவு கத்தினவளுக்கு ஒரு பிள்ளை என்ன எழுதுவான்? உன்னைப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தால்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு வரி மாதிரி இன்னொரு வரி இல்லை. அவன் வகுப்பு டீச்சர் தாளைத் தலைகீழாக வைத்தும் பார்த்தார். "விட்டுடும்மா. படிக்க முடியாததே நல்லதுக்குத்தானோ என்னவோ" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கும் பயம்தான்.

எங்கள் கடைக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் முப்பது வருஷமாக டாக்டர் சீட்டுகளைப் படிப்பவர். "நான் படிக்காத சீட்டு இனிமேதான் பொறக்கணும்" என்பார். அவரிடம் தாளைக் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்.

"சாப்பாட்டுக்கு அப்புறம்னு மட்டும் நிச்சயமாத் தெரியுதும்மா" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இதைப் பெரியவர்களால் படிக்க முடியாது. கோழி மாதிரியே எழுதுகிற இன்னொரு பிள்ளையால்தான் முடியும். அந்தப் பிள்ளையை வீடு வீடாகப் போய்த் தேட முடியாது. என் வீட்டுக்காரர் உதவித்தொகைப் பேச்சை எடுத்தபோதுதான் வழி தெரிந்தது: அதை அறிவித்தால் தானாக வந்து நிற்கும்.

தலைமையாசிரியை இரண்டு விஷயத்துக்கு மல்லுக்கட்டினார். "சான்றிதழ்ல கோழின்னு அச்சடிச்சா, ஏதோ பண்ணை நடத்தறோம்னு நினைப்பாங்க" என்பது ஒன்று. "பள்ளிக்கூடமே கிறுக்க ஆரம்பிச்சுடும்" என்பது இன்னொன்று. முதலாவதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாவதில் அவர் சொன்னதுதான் நடந்தது.

நாற்பத்தோரு விண்ணப்பங்கள் வந்தன. 'எனக்கு ஏன் உதவி தேவை' என்று ஒரு பக்கம், சொந்தக் கையால். அழகாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளை வீட்டில் உட்கார வைத்து, எழுத்தைக் கெடுக்கப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஒரு பையன் தினமும் ஒரு மணி நேரம் இடது கையால் எழுதினானாம். ஒரு அப்பா, ஓடுகிற பஸ்ஸில் நிற்க வைத்து எழுத வைத்தாராம்.

நடுவர் மருந்துக்கடைக்காரர்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்தார். அவரால் படிக்க முடியாததுதான் ஜெயிக்கும் என்று பேச்சு. ஆனால் மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒன்றையும் விடாமல் கடகடவென்று படித்துத் தள்ளினார். இப்படியே போனால் யாருக்குமே கொடுக்க முடியாது போலிருந்தது. இடையிடையே, "இது நடிப்பு" என்று சிலதை ஓரமாகத் தள்ளினார்.

"எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க?"

"நிஜமாவே மோசமா எழுதறவனுக்கு, தான் மோசமா எழுதறோம்னே தெரியாதும்மா. இவன் ஒவ்வொரு சுழியையும் நிதானமா உக்காந்து கெடுத்திருக்கான்."

முப்பத்தெட்டாவது தாளில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார்.

"இது ஏதோ ஆன்டிபயாடிக் மாதிரி இருக்கு" என்றார், தொங்கிப்போன குரலில்.

அந்தத் தாளுக்குச் சொந்தக்காரியைக் கூப்பிட்டார்கள். ஆறாம் வகுப்பு. ஒரு ஷூவில் கயிறு இல்லை. தலைமையாசிரியை, "நீ எழுதினதை நீயே படிச்சுக் காட்டு" என்றார். பெண் படபடவென்று படித்தாள். அப்பா சரக்கு வண்டி ஓட்டுகிறவர், கால் முறிந்து ஏழு மாதமாகப் படுத்திருக்கிறார், அம்மாவின் சம்பளம் மருந்துக்குப் போகிறது. அப்புறம் ஒரு இடத்தில் நிறுத்தி, தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"இந்த ரெண்டு வரி எனக்கே தெரியல மேடம். ஆனா முக்கியமா எதுவும் இருக்காது."

"இவளுக்குத்தான்" என்றேன். யாரும் மறுக்கவில்லை.

கைப்பையிலிருந்து கோழியின் தாளை எடுத்தேன். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். "இதுக்காகத்தானா இவ்வளவும்?" என்றார். "ஆமா மேடம், இதுக்காகத்தான். திட்டறதுன்னா அப்புறம் திட்டுங்க" என்று சொல்லிவிட்டு, தாளைப் பெண்ணிடம் நீட்டினேன்.

அவள் கண்ணைச் சுருக்கக்கூட இல்லை.

"'இனிமேல் கேக் மேல் எழுத மாட்டேன்.'"

"அடுத்த வரி?"

"'இனிமேல் கேக் மேல் எழுத மாட்டேன்.'"

"அதுக்கடுத்தது?"

"அதேதான் ஆன்ட்டி. எல்லாம் அதேதான்."

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அதெப்படி? ஒரு வரி மாதிரி இன்னொண்ணு இல்லையே!"

"ஆமா அங்கிள், எனக்கும் இப்படித்தான் வரும்" என்றாள் அவள், அதில் என்ன ஆச்சரியம் என்பது போல.

எழுதியிருக்கிறான். வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் எழுதச் சொன்னதை என் பிள்ளை உட்கார்ந்து எழுதியிருக்கிறான். எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது.

"கடைசி வரி மட்டும் வேற" என்றாள் பெண்.

என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். கருவிப் பை தடாலென்று கீழே விழுந்தது. "என்னம்மா போட்டிருக்கு?"

"'அம்மா எண்ண மாட்டாங்க. இது போதும்.'"

முதலில் சிரித்தது அவர்தான். இரண்டு வருஷமாக நான் கேட்காத சிரிப்பு. பிறகு நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க அழுகை வந்தது, அழுதுகொண்டே தாளை வாங்கி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணினேன். கடைசி வரி போக இருபத்தொன்று. முப்பதுக்கு ஒன்பது குறைச்சல்.

"திருட்டுப் பயலே" என்றேன், எல்லோர் முன்னாலும். அவனிடம் இப்படிப் பேசி எவ்வளவு நாளாகிவிட்டது!

பரிசளிப்பு அன்றைக்கு நானே கேக் கொண்டு போனேன். மேலே ஒன்றும் எழுதவில்லை. க்ரீம் கூம்பை அந்தப் பெண் கையில் கொடுத்து, "கோழின்னு எழுது" என்றேன். நாக்கைத் துருத்திக்கொண்டு, அரை கேக்கை அடைத்து எழுதினாள்.

ஒரு டீச்சர் குனிந்து பார்த்துவிட்டு, "புது டிசைனா? நல்லாருக்கே!" என்றார்.

"டிசைன் இல்ல டீச்சர், என் பையன் பேரு" என்றேன். "நல்லாப் படிச்சுப் பாருங்க."