மூலக்கொத்தளத்தில் இல்லாதவன்

செத்துப்போன பன்னிரண்டாம் நாள், ஜெயவேல் தன் முகத்தைக் காலடிப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தின் எதிர்ச்சுவரில் பார்த்தான்.

உண்மையில் அவன் சாகவில்லை. செத்ததாகப் போஸ்டர் அடித்ததே அவன்தான். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் இழுக்கும் டிரெய்லர் ஓட்டுகிறவன். மனைவி செங்கொடியைப் பிரிந்து மூன்று வருடம். மகள் யசோதராவுக்கு மாதாமாதம் ஜீவனாம்சம் கட்டும்படி குடும்ப நீதிமன்றம் சொல்லியிருந்தது. முதலில் ஒழுங்காகக் கட்டினான். வண்டி இரண்டு மாதம் ஓடாதபோது நிறுத்தினான். ஓடத் தொடங்கிய பிறகும், நிறுத்தியது நிறுத்தியதாகவே இருந்தது. கடன்காரன் முகத்தோடு மகள் முன்னால் போய் நிற்கக் கூசியது. ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போவதும் நின்றது. கடைசியில் பிடிவாரண்ட் கிளம்பியது.

யோசனை அலெக்ஸாண்டருடையது. தண்டையார்பேட்டையில் போஸ்டர் அடிக்கிறவன், சின்ன வயதுத் தோஸ்து.

"மாமு, உயிரோட கீறவனத்தான போலீஸு புடிக்கும்? அஞ்சலி போஸ்டர் அட்ச்சு உன் சந்துல ஒட்டிக்கலாம். ஏட்டு பாத்துட்டுப் பூடுவாரு. அப்பால துட்டு சேத்துகினு எயுந்து வா."

"வெளையாடாத நைனா."

"போட்டோ மட்டும் நல்லதா குடு. செத்தவன் மூஞ்சி களையா இருக்கணும்."

இருவரும் சிரித்தார்கள். 'கண்ணீருடன்' என்று போட்டு அடியில் யார் பெயரைச் சேர்ப்பது என்று அலெக்ஸாண்டர் கேட்டபோதுதான் சிரிப்பு நின்றது. ஜெயவேல் கொண்டுவந்த போட்டோவைக் கவிழ்த்து வைத்தான். பிறகு, "பொண்ணு பேரப் போடு" என்றான்.

சடையங்குப்பத்தில் அவன் குடியிருந்த சந்துக்கு ஏட்டு வந்தார். வீட்டுக்காரம்மா பச்சையம்மா சொல்லிக்கொடுத்ததற்கு மேலேயே அழுதாள்.

"மூலக்கொத்தளத்துல பொதச்சாச்சு சார். வாடக பாக்கி வெச்சாலும் நல்ல புள்ள சார்."

ஏட்டு போஸ்டரைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். இறப்புச் சான்றிதழ் கிடைத்ததும் ஸ்டேஷனில் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். கதவுக்குப் பின்னால் நின்று ஜெயவேல் எல்லாவற்றையும் கேட்டான். அன்று முதல் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், திரும்பலாமா என்று ஒரு கணம் யோசித்தான்.

அவர்கள் யோசிக்காதது ஒன்று இருந்தது. நான்கு போஸ்டர் மட்டும் யாரும் அடிப்பதில்லை; குறைந்தது ஐம்பது. சந்தில் ஒட்டியது போக மிச்சம் அலெக்ஸாண்டரின் மேசைமேல் கிடந்தது. போஸ்டர் ஒட்டுகிற ஆள் அதையும் மற்றக் கட்டுகளோடு எடுத்துக்கொண்டு போய், திருவொற்றியூர் வரை வழக்கமாக ஒட்டும் சுவர்களில் எல்லாம் ஒட்டிவிட்டான்.

இன்று துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசை மூன்று மணி நேரமாக நகரவில்லை. வண்டியைப் பூட்டிவிட்டு டீ குடிக்க இறங்கினான். கால் தானாக யசோதராவின் பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தது. தூரத்தில் நின்று பார்க்கலாம் என்றுதான் வந்தான்.

சுவரில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். வெயிலில் நிறம் போயிருந்தது. போஸ்டரின் அடியில், மகள் பெயருக்குச் சற்று மேலே, வாடிய கனகாம்பரச் சரம் ஒன்று டேப் போட்டு ஒட்டியிருந்தது. அதற்கு மேலே கை எட்டவில்லை போலிருக்கிறது. தரையில் பழைய பூச்சரங்களின் காய்ந்த நார்கள் ஏழெட்டு கிடந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை.

யசோதரா நேராகச் சுவரை நோக்கி வந்தாள். கையில் புதுச் சரம். போஸ்டர் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள். கத்தவில்லை. குனிந்து அவன் கால்களைப் பார்த்தாள், தரையில் படுகின்றனவா என்று.

"கால் கீது" என்றாள், தனக்குத்தானே.

"யசோ, அப்பாம்மா. நான் சாவல."

அவள் கிட்ட வரவில்லை.

"ஏட்டு சொன்னாருன்னு நாங்க மூலக்கொத்தளம் போனோம். எது உன்ன பொதச்ச எடம்னு தெர்ல. அம்மா அங்கயே ஒக்காந்துட்டாங்க. நாந்தான் புச்சா இருந்த எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் பூ போட்டேன்."

சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"சாவலன்னா ஏன் வர்ல?"

 "வேல, கோர்ட்டு, துட்டு..." என்று ஆரம்பித்தான். யசோதரா குறுக்கிட்டாள்.

"ஸ்கூல்ல எல்லாரும் உங்கப்பா வர்றதே இல்லியான்னு கேட்டுனே இருப்பாங்க. செத்துட்டாருன்னு சொன்னேன். அப்பால யாரும் கேக்கல."

தெருவின் அந்தப் பக்கம் செங்கொடி நின்றிருந்தாள். மகளை அழைத்துப்போக வந்தவள். நெற்றியில் பொட்டு இல்லை. அவனைக் கண்டதும் கை தானாக வாயைப் பொத்தியது. பிறகு கையை இறக்கினாள். முகம் இறுகிவிட்டது.

"நீ செத்தன்னு மூணு நாள் அயுதேன்யா" என்றாள். "தூ!"

 அவள் செல்போனை எடுத்தாள்.

"ஏட்டு நம்பர் எங்கையில கீது. ஓடறதா இருந்தா ஓடு. நான் பாக்கலன்னு நெனச்சுக்கிறேன். இவளாண்ட மட்டும் இனிமே உயிரோட வராத."

பள்ளிக்கூடத்தை ஒட்டிய சந்து திறந்து கிடந்தது. வண்டிச் சாவி சட்டைப் பையில் இருந்தது. ஓடினால் சுவரில் சிரிக்கிறவனாகவே இருந்துவிடலாம். தினமும் பூ வரும்.

"ஏட்டக் கூப்டு" என்றான். "நான் இங்கியே நிக்கறேன்."

அவள் பேசி முடித்தாள். மூவரும் காத்திருந்தார்கள். ஜெயவேல் போஸ்டரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினான். பசை நன்றாகப் பிடித்திருந்தது; முகம் பாதிதான் வந்தது.

"ஜெயிலுக்கா போற?" என்று யசோதரா கேட்டாள்.

"ஆமா."

"அங்க வந்தா பாக்க வுடுவாங்களா?"

"வுடுவாங்க."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"இந்த தபா எங்க கீறன்னாவது தெரியும்" என்று சொல்லி, பூவைப் புத்தகப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.