நாலு பேர், ஆறு துண்டு

வெள்ளைப் பாஸ்பரஸ் ஏன் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்கிறது என்று மறுநாள் வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்லியாக வேண்டும். பந்தும் குச்சியும் வைத்துச் செய்த பள்ளிக்கூட மூலக்கூறு மாதிரி உடைந்துபோனதால், என்னையும் சேர்த்து வீட்டிலிருந்த நாலு பேரையும் அணுக்களாக்கி ஒத்திகை பார்த்தேன். என் மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது.

நாலு அணு. ஒவ்வொன்றும் மற்ற மூன்றையும் பிடித்திருக்க வேண்டும். எங்களுக்கோ ஆளுக்கு இரண்டு கைதான். மூன்றாவது பிடியை இடுப்பில் கட்டினோம். இரண்டு பேருக்கு நடுவே ஒரு தோள்துண்டு, ஆக ஆறு துண்டு. மூன்று பேர் தரையில், ஒருவர் உச்சியில். மாமியார் யாரும் கேட்காமலே கட்டிலில் ஏறிக்கொண்டார். எங்கள் தலைக்கு மேல் நிற்பது அவருக்குப் புதிதல்ல.

சிக்கல் என் மனைவியும் அவள் தம்பியும்தான். அவன் பக்கத்து வீட்டுத் தையல்காரியைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே குடிபோக ஆசைப்பட்டான். அக்கா சம்மதிக்காமல் போக மாட்டேன் என்று காத்திருந்தான். இவளோ, நாலில் ஒன்று குறைந்தால் இது வீடா என்று பேச்சையே நிறுத்திவிட்டாள். யாராவது வாயைத் திறந்தால் பற்றிக்கொள்வாள். மாமியார் உடனே செம்புத் தண்ணீரை நீட்டுவார். வெள்ளைப் பாஸ்பரஸையும் தண்ணீருக்குள்தான் வைத்திருப்பார்கள்.

துண்டுகளை இழுத்துக் கட்டியதும் மூக்கோடு மூக்கு இடித்தது. பாஸ்பரஸ் அணுவுக்கு வசதியான கோணம் தொண்ணூறு டிகிரிக்கு மேல், அதை அறுபதில் நெருக்கிக் கட்டிப்போட்டால் கோபம் வராதா என்று விளக்கினேன்.

"ஒண்ணா இருக்கறதுல என்ன குறை?" என்று மனைவி சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

குறையில்லை. காற்றுப் படாமல் சூடேற்றினால் ஒரு பிடி மட்டும் விடும், விட்ட கை பக்கத்து மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும், அதுதான் சிவப்புப் பாஸ்பரஸ், தண்ணீரே தேவைப்படாத சாது என்றேன். சத்தியமாகப் பாடத்தைத்தான் சொன்னேன்.

மச்சினன் அக்காவின் துண்டை விட்டான். அந்தக் கையை ஜன்னல் வழியே நீட்டினான். எதிர் ஜன்னலில் தையல் மிஷின் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. தையல்காரி எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

மனைவியின் கையில் துண்டு தொங்கியது.

"அப்போ என் கை?" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது.

எதிர் ஜன்னலிலிருந்து பதில் வந்தது.

"அதையும் இப்படிக் குடுங்க, அண்ணி."

நேற்று வரை அக்கா என்று கூப்பிட்டவள். புத்தகப்படி அந்தக் கை வேறொரு மூலக்கூறைப் பிடிக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தப்பைத் திருத்தாமல் விட்டேன்.

மனைவி துண்டின் முனையை நீட்டினாள். "இறுக்கிப் பிடிச்சுக்கோம்மா. இவன் ஒரு இடத்துல நிக்க மாட்டான்."

"மாப்பிள்ளை, பாடம் முடிஞ்சுதுன்னா என்னைக் கொஞ்சம் அவுத்து விடுங்க" என்றார் மாமியார், மேலிருந்து.

அன்று செம்புத் தண்ணீரை அவரே குடித்தார்.