வாத்தியாரின் இங்கிலீஷ்

வடக்கேயிருந்து வந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அதனால் இங்கிலீஷ் வாத்தியார் ஹாலாஸ்யமே மனைவிக்காகப் பேசினார்.

"விலாவுல குத்தறது," என்றாள் வாலாம்பாள்.

"பெயின்," என்றார் அவர்.

"மூச்சு விட்டா பிடிச்சுக்கறது. படுத்தா குடையறது."

"பெயின்."

இங்கிலீஷில் அவளுக்குத் தெரிந்தது 'வொய்' மட்டும்தான். கையை ஓங்குமுன் ஹாலாஸ்யம் கேட்பது அது. டாக்டரும் இப்போது அதையே கேட்டார்.

"பரீட்சைப் பேப்பர்ல காப்பியைக் கொட்டிட்டேன்னு இவர் ஒதைச்சார்," என்றாள்.

ஹாலாஸ்யம் சற்று யோசித்தார். "சிவியர் பெயின், டாக்டர்."

பக்கத்தில் நின்ற நர்சு செல்லூர்க்காரி. எல்லாம் அவள் காதில் விழுந்தது. தெர்மாமீட்டரை உதறி வாலாம்பாளின் நாக்குக்கடியில் வைத்தாள்.

"வாய மூடிக்கிருங்க, மாமி."