ஸ்டாருக்கு அடியில் சந்தனம்

லோகேஸ்வரிக்குச் சாமி பக்தி கொஞ்சம் அதிகம். அதில் தப்பில்லை. அந்தப் பக்தியைத் துப்பாக்கிக்குள் கொண்டுபோய்த் தேய்த்தாள் பாருங்கள், அதுதான் தப்பு.

அவள் கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் துணைப் போலீஸ். மூன்று வருடமாக ஒப்பந்த வேலை. அடுத்த மாதம் நிரந்தரக் கடிதம் வர வேண்டும். அதற்காக அவள் கும்பிடாத கோயில் இல்லை. அன்று காலை அம்பாங் பெச்சா பக்கத்துச் சுடுதளத்தில் வருடாந்தரச் சோதனை. நன்றாகவே சுட்டுத் தேறிவிட்டாள். தேறாதவன் பேட்ரிக் ஒருவன்தான்.

பேட்ரிக் அவளோடு ரோந்து போகிறவன். சீட்டுக் குலுக்கியதில் அவனுக்கு ஏழாம் எண் ரிவால்வர் வந்தது. மூன்று குண்டு ஒழுங்காகப் போயிற்று. நாலாவதுக்கு விசையை இழுத்தால் தோட்டா உருளை சுற்றவில்லை. மறுபடி இழுத்தான், அசையவில்லை. அதற்குள் நேரம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள்.

அவர்களின் மேலதிகாரி சார்ஜன் சத்தியசீலன் துப்பாக்கியை வாங்கிப் பார்த்துவிட்டு, "பயத்துல பாதி இழுத்து விட்டுட்ட. அதான் சிக்கிக்கிச்சு" என்று முடித்துவிட்டார். போன வருடமும் தவறியவன் அவன். இரண்டு முறை தவறினால் ஆயுதப் பணி கிடையாது. தோட்டத்து வாசலில் தடுப்புக்கட்டையைத் தூக்கி இறக்கிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். பேட்ரிக் வெளியே போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டான்.

சுட்டு முடித்த துப்பாக்கியைத் துடைக்காமல் யாரும் வேனில் ஏறக்கூடாது. லோகேஸ்வரிக்கு மெல்லிய விரல், பொறுமையும் உண்டு. செய்கிறவள் தலையில்தானே எல்லாம் விழும்? ஏழாம் எண்ணும் அவள் தலையில் விழுந்தது.

தகரக் கொட்டகை மேசையில் உட்கார்ந்து உருளையைத் திறந்தாள். ஆறு அறையும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்தாள். குழலுக்குள் பிரஷை விட்டு இழுத்தாள். முதல் துணித்துண்டு கரியாய் வந்தது, அடுத்தது சாம்பலாய் வந்தது, ஐந்தாவது வெள்ளையாகவே வந்தது. பிறகு அறை அறையாகத் துடைத்தாள். கடைசியாக, வெற்றுத் தோட்டாக்களை வெளியே தள்ளுகிற நட்சத்திரத் தகட்டை உயர்த்தினாள். ஸ்டார் என்பார்கள். அதற்கு அடியில் எரியாத மருந்துத் துகள் ஒன்று சிக்கினால்கூட, தகடு படியாமல் உருளையை இறுக்கிவிடும்.

அங்கே மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். சந்தனம். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அன்று டிராக்டருக்கும் லோரிக்கும் பழம் வெட்டும் அரிவாளுக்கும் பொட்டு வைத்தார்கள். "துப்பாக்கிய தொடாத, பெட்டிக்கு மட்டும் வை" என்று சொல்லித்தான் சார்ஜன் அவளிடம் ஆயுத அறைச் சாவியைக் கொடுத்தார். பெட்டிக்குப் பொட்டு வைத்தால் சாமி பெட்டியைத்தானே காப்பாற்றும்? வெளியே வைத்தால்தானே தெரியும் என்று, தான் ரோந்துக்கு எடுத்துப்போகும் ஏழாம் எண்ணைத் திறந்து, ஸ்டாரின் மேலேயே தாராளமாக ஒரு பொட்டு வைத்தாள். மறுநாள் கைக்குட்டையால் துடைத்தும்விட்டாள். பன்னீரில் குழைத்த சந்தனம் அடியில் இறங்கியது யாருக்குத் தெரியும்? ரோந்தில் யாரும் சுடவில்லை. இன்று மூன்று குண்டின் சூடும் கரியும் சேர்ந்ததும் இறுகிக்கொண்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பிரஷ் கையிலேயே இருந்தது. ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும், ஒரு சாட்சியும் இருக்காது. கடிதம் பத்திரமாக வந்துவிடும். பழி பேட்ரிக் தலையில், அதுவும் ஏற்கெனவே விழுந்தாகிவிட்டது. அவள் பிரஷைக் கிட்டே கொண்டுபோனாள். இல்லை என்று நான் மறைக்கப்போவதில்லை.

அந்த நேரம் பார்த்துப் பேட்ரிக் ஒரு பொட்டலம் தே ஓ, பால் சேர்க்காத தேநீர், கொண்டுவந்து மேசையில் வைத்தான். "குடிங்கக்கா. என்னால ஒங்களுக்கு டபுள் வேலைலா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். பிரஷைக் கீழே வைத்துவிட்டு, திறந்த துப்பாக்கியோடு நேராகச் சார்ஜனிடம் போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சார்ஜன் அந்த மஞ்சளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "தொடச்சிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?"

"பேட்ரிக்குக்கு என்ன வழி, சார்ஜன்?"

"ஒன் லெட்டரு ஆறு மாசம் தள்ளிப் போயிரும். தனியா சாவி குடுத்ததுக்கு என்னையும் கேப்பாங்க."

"தள்ளிப் போவட்டும்" என்றாள். கடிதத்தின் மேல் ஆசை இல்லாமலா இருக்கும்?

சார்ஜன் பேனாவை எடுத்து அறிக்கையில் முதலில் தன் பெயரையும் அடுத்து அவள் பெயரையும் எழுதினார். பிறகு பேட்ரிக்கைக் கூப்பிட்டு, "மொத ரிசல்ட் செல்லாது. மறுபடி சுடு" என்றார்.

ஏன் என்பதை லோகேஸ்வரிதான் தன் வாயால் சொன்னாள். பேட்ரிக்கின் முகம் சிவந்தது. "ஒங்க சாமிக்கு என் மேல என்னக்கா கோவம்?" என்றான். அதில் விளையாட்டு பாதி, கோபம் பாதி. அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மேசைக்குத் திரும்பி, சந்தனம் ஒரு பொடிகூட இல்லாமல் சுரண்டி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெயைத் தடவி, அதையும் துடைத்தாள். உருளை தடையின்றிச் சுற்றியது.

மேசையில் நான்கு ரிவால்வர்கள். "எது வேணுமோ எடுத்துக்க" என்றார் சார்ஜன்.

பேட்ரிக் ஏழாம் எண்ணை எடுத்தான்.

"அது வேணாம் தம்பி" என்று பதறினாள் லோகேஸ்வரி.

"நீங்கதான தொடச்சீங்க?"

ஆறு முறை வெடித்தது. ஒவ்வொரு முறையும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இலக்கு அட்டையைப் பார்த்துவிட்டுச் சார்ஜன் கட்டைவிரலை உயர்த்தியதும், வெட்கத்தை விட்டு அழுதேவிட்டாள்.

பேட்ரிக் வெற்றுத் தோட்டாக்களைக் கொட்டிவிட்டு வந்து, திறந்த துப்பாக்கியை அவள் முன்னால் வைத்தான்.

"மறுபடியும் அழுக்காயிருச்சு. நீங்களே தொடைங்கக்கா."