ஐந்தரைக் கட்டை

வெர்டெல் மேஹியூவுக்கு ஆர்கன் வாசிப்பது லேசான காரியம் என்று நினைப்பவர்கள் ஒருநாள் என் இடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். என்ன பாட்டு என்று சொல்ல மாட்டாள். எந்தச் சுருதி என்றும் சொல்ல மாட்டாள். வாயைத் திறப்பாள், நான் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதிப் பாட்டில் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டைவிரலை மேலே காட்டுவாள். உடனே நான் சுருதியை அரைக் கட்டை ஏற்ற வேண்டும். மறுபடி காட்டினால் இன்னொரு அரை. அந்த விரல் சபைக்குத் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். சபைக்குத் தெரிவதெல்லாம் அவள் குரல் ஏறிக்கொண்டே போவதும், பின்வரிசையில் யாராவது ஒருத்தி செருப்பை உதறிவிட்டுப் பரிசுத்த ஆவியில் ஆடத் தொடங்குவதும்தான்.

நான் எர்னஸ்டீன் காடிஸ். சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் எங்கள் கில்கால் சபையின் ஆர்கன் என் கைக்கு வந்தபோது என் தலையில் ரிப்பன் இருந்தது. இப்போது விக் இருக்கிறது. இடையில் மூன்று போதகர்கள் வந்து போய்விட்டார்கள். ஆர்கனையும் என்னையும் யாராலும் அசைக்க முடியவில்லை.

வெர்டெலும் நானும் ஒரே பாடகர் குழுவில் வளர்ந்தவர்கள். பதினாறு வயதில் நான்கு பெண்களோடு ஒரு பழைய காரில் ஏறித் தெற்கே பாடப் போனாள். விடுதிகளில் எங்கள் கறுப்பு நிறத்துக்கு அறை கிடையாது. விசுவாசிகளின் வீட்டுக் கூடத்தில் படுத்தெழுந்து, அடுத்த ஊரில் பாடினார்கள். அவள் பாடிய ஆலயங்களில் மயங்கி விழுந்தவர்களைத் தூக்கவே தனியாக நான்கு பேர் வேண்டியிருந்தது என்பார்கள். பிறகு ஒரு இசைத்தட்டுக்காரர் வந்தார். அதே குரல், அதே கதறல், ஆனால் ஆண்டவருக்குப் பதிலாக ஒரு ஆம்பளையை நோக்கி. ‘உன் தொப்பிய எடுத்துக்கிட்டுப் போ’ என்ற அந்தப் பாட்டை அந்த வருஷம் கேட்காத காது நாட்டில் இல்லை. சபை கொதித்தது. அவள் பெயரை ஜெபத்தில் மட்டும் சொன்னார்கள், அதுவும் நோயாளிகளோடு சேர்த்து. அதே பெண்கள் ஆலயத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்தது எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியாதா என்ன?

லண்டன், பாரிஸ் எல்லாம் போனாள். இரண்டு கல்யாணம் செய்தாள். முதலாமவன் டிரம்பெட் வாசித்தவன், அடுத்தவன் அவள் கணக்கைப் பார்த்தவன். இரண்டு பேருக்கும் அந்தத் தொப்பிப் பாட்டை நேரிலேயே பாடிக் காட்டிவிட்டு, ஒரு ஈஸ்டர் அன்று கில்காலுக்குத் திரும்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோராலி ஸ்டப்ஸ் அம்மா மட்டும் தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் வரை நடந்து போய், அவள் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். சபைத் தாய்மார்களுக்கெல்லாம் தலைவி கோராலி அம்மா. அவர் நிறுத்திய பிறகு உட்காரச் சொல்ல இங்கே யாருக்குத் தைரியம் உண்டு?

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷமாக இந்தச் சபையின் குரல் வெர்டெல்தான். போன குளிர்காலத்தில் அவள் கழுத்தில் ஒரு கட்டியை எடுத்தார்கள். சபையே முழங்காலில் நின்றது. கட்டி போனது, உயிர் பிழைத்தது. மேல் ஸ்வரங்களும் கட்டியோடு போய்விட்டன.

சபையின் ஆண்டு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை மதியம், ஆளில்லாத ஆலயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்திகை பார்த்தோம். அவளுடைய பேர்போன பாட்டு: ‘அக்கரையில் நின்று என் பேர் சொல்லிக் கூப்பிடு’. அந்தக் ‘கூப்பிடு’வில்தான் அவள் கூரையைப் பிய்ப்பாள். அன்றைக்குக் குரல் அங்கே போனதும் கிழிந்தது. மறுபடி போனாள். மறுபடி கிழிந்தது.

"நாலு கட்டைக்கு இறக்கிடுறேன்டி," என்றேன்.

"என்னையே இறக்கிப் பெட்டில வச்சிடேன்."

"உனக்கு ரெண்டு பெட்டி வேணும். வாய்க்குத் தனியா ஒண்ணு."

அவள் சிரிக்கவில்லை. "எர்னஸ்டீன், இந்தப் பாட்ட இங்க எல்லாரும் அஞ்சரைக் கட்டைல கேட்டவங்க. நாலுல எடுத்தா மொத வரியிலயே கண்டுபிடிச்சிடுவாங்க."

"பிடிக்கட்டுமே. கொலையா பண்ணிட்ட?"

"நிதானமான்னு சொல்லுவாங்கடி."

எங்கள் சபையில் நன்றாகப் பாடுகிறவளை யாரும் சும்மா விட மாட்டார்கள். "பாடுடி!" என்பார்கள், "சொல்லு, சொல்லு!" என்பார்கள், "விடாத!" என்று கத்துவார்கள். "நிதானமா, கண்ணு, நிதானமா" என்பது வேறு. ஈஸ்டர் வசனம் மறந்துபோய் விழிக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும், அழுகையில் சாட்சி சொல்ல முடியாமல் தவிக்கும் விதவைக்கும் சொல்வது அது. அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் பாடகிக்கு அதைச் சொன்னால், உன்னால் முடியவில்லை என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். வெர்டெலுக்கு அவள் வாழ்நாளில் யாரும் அதைச் சொன்னதில்லை.

"கேட்டுக்க," என்றாள். "ஞாயித்துக்கெழம ஒரே ஒரு வாய் எனக்கு அதச் சொல்லட்டும். மைக்க அங்கயே வச்சிடுவேன். அதுக்கப்பறம் எனக்குன்னு அதத் தொட மாட்டேன். பாஸ்டர் வாங்கி வச்சிருக்கிற தொப்பியப் போட்டுக்கிட்டுப் போய் உக்காந்துடுவேன்."

அந்தத் தொப்பியை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது. எங்கள் ஆலயத்தில் முன்வரிசை இடதுபக்கம் தாய்மார்களுக்கு. வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, கையில் விசிறி. ஆமென் சொல்வார்கள், தலையாட்டுவார்கள். அங்கே ஒரு இடத்தை வெர்டெலுக்கு ஒதுக்கியிருந்தார் பாஸ்டர் ஹார்க்ரோவ். விழாவில் அவள் பாடி முடித்ததும் தொப்பியைக் கொடுத்து உட்கார வைப்பதாகத் திட்டம். நல்ல மனிதர்தான். "அவங்களக் கனம்பண்றோம், சிஸ்டர் காடிஸ்" என்றார் என்னிடம். கனம்பண்ணுவது என்றால் பாதி நேரம் மூலையில் உட்கார வைப்பதுதான். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். மனுஷன் தொண்டையைக் கனைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

ஞாயிறு மதியம் ஆலயம் வழிந்தது. ஆகஸ்டு வெயில். கீழ்த்தளத்திலிருந்து கோழி பொரியும் வாசனை மேலே வந்து பிரசங்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. வெர்டெல் ஊதா கவுனில் வந்தாள்.

"வெள்ள போடச் சொன்னாங்களேடி," என்றேன்.

"நான் இன்னும் சாகல."

பாஸ்டர் அவளை அழைத்தார். பின்னால் பலிபீடத்துப் பக்கம் தொப்பிப் பெட்டி ரிப்பன் கட்டித் தயாராக இருந்தது. அவள் மைக்கை எடுத்தாள், என்னைப் பார்க்கக்கூட இல்லை, வாயைத் திறந்தாள். ஐந்தரைக் கட்டை. பிடிவாதக்காரி.

முதல் சரணம் நன்றாகவே போனது. "பாடுடி வெர்டெல்!" என்று பால்கனியிலிருந்து ஒரு குரல். இரண்டாவது சரணத்தில் அவள் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தேன். ‘அக்கரையில் நின்று’ வந்தது, ‘என் பேர் சொல்லி’ வந்தது. ‘கூப்பிடு’வுக்குப் போனாள். குரல் கிழிந்தது. நான் சட்டென்று சத்தத்தைக் கூட்டி மூடப் பார்த்தேன். விடாமல் மறுபடி போனாள். காற்றுதான் வந்தது.

எனக்குத் தெரியும், என்ன வரப்போகிறது என்று. யாரிடமிருந்து வரும் என்பதுதான் தெரியவில்லை.

"நிதானமா, கண்ணு," என்றார் கோராலி அம்மா. "நிதானமா."

இரக்கம் தொற்றிக்கொள்ளும். பின்னால் இரண்டு பேர் சொன்னார்கள், பிறகு பத்துப் பேர். "நிதானமா, சிஸ்டர்." "உதவி செய்யும், ஆண்டவரே." அவர்கள் ஒவ்வொருவரையும் அறைய வேண்டும்போல் இருந்தது எனக்கு. கோராலி அம்மாவையும் சேர்த்துத்தான்.

வெர்டெல் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். நாலு எட்டு நடந்து, ஆர்கனுக்குப் பக்கத்தில் இருந்த பியானோவின் மேல் மைக்கை வைத்தாள். நான் ஒரே ஸ்வரக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கையை எடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்ற பயத்தில். அவள் என் பக்கம் திரும்பினாள். கண் காய்ந்திருந்தது. இடது கையைத் தூக்கினாள். முதுகுக்குப் பின்னால் இல்லை, தலைக்கு மேலே, பால்கனிவரை எல்லாரும் பார்க்கும்படி. கட்டைவிரல் கீழே பார்த்தது.

எங்கள் பாட்டு ஏறும், இல்லாவிட்டால் முடியும். இறங்காது. நடுப்பாட்டில் இறங்கிய பாடகியை நான் கண்டதில்லை, கேள்விப்பட்டதும் இல்லை. இறங்குவது தோற்றேன் என்று ஊருக்குச் சொல்வது. அவளோ ஏதோ கிரீடத்தை உயர்த்திக் காட்டுகிறவள் மாதிரி அந்த விரலைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

ஐந்துக்கு இறக்கினேன். விரல் அப்படியே இருந்தது. நாலரை. மறுபடியும். நாலு. ஆக வியாழக்கிழமை நான் சொன்னதைக் கேட்டுவிட்டாள் என்று நான் பெருமைப்பட்டு முடிப்பதற்குள் விரல் மறுபடியும் கீழே குத்தியது. மூன்று. இரண்டரை. "எங்கடி போற?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"வீட்டுக்கு," என்றாள்.

இரண்டு கட்டைக்கு வந்ததும் கையை இறக்கினாள். அந்தச் சுருதியில் எந்தப் பெண்ணுக்கும் இந்தப் பாட்டை நான் வாசித்ததில்லை. மைக் இல்லையே, அவள் குரல் கேட்க வேண்டுமே என்று இரண்டு கையையும் எடுத்துவிட்டு, காலால் அடிச்சுருதிப் பெடலை மட்டும் மிதித்தேன். பெஞ்சுகளுக்கு அடியில் தரை அதிர்ந்தது. அதன்மேல் அவள் பாடினாள்.

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இத்தனை வருஷம் மேலேயே பறந்துகொண்டிருந்தவளுக்குக் கீழே இவ்வளவு பெரிய வீடு இருப்பது அவளுக்கே தெரிந்திருக்காது. டாக்டரின் கத்தி அங்கே தொடவில்லை. அடர்த்தியான, சொரசொரப்பான, பயமே இல்லாத குரல். விசிறிகள் நின்றன. எங்கள் மூப்பர்கள் காலை முன்னே நகர்த்தி உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து அடிக்குரலில் இழுக்கத் தொடங்கினார்கள். ‘கூப்பிடு’ வந்தது. எப்போதும் ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை வீசி எறிவாள் அதை. இன்றைக்கு, பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவரை எழுப்புவதுபோல் மெல்லச் சொன்னாள். பால்கனியில் ஒரு பெரிய ஆம்பளை விக்கி விக்கி அழுவது கேட்டது.

முடித்தாள். யாரும் கைதட்டவில்லை. பாஸ்டர் ஹார்க்ரோவ் தொப்பிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "சிஸ்டர் மேஹியூ, இந்த நல்ல நாள்ல..." என்று ஆரம்பித்தார்.

‘அக்கரையில் நின்று’ என்று ஒரு குரல் எழுந்தது. வெர்டெல் இல்லை. முன்வரிசை. கோராலி அம்மா கண்ணை மூடிக்கொண்டு, தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். நான் வருவதற்கு முன்னால் இந்தச் சபையின் குரல் அவர்தான் என்று சொல்வார்கள். அவர் பாடி நான் கேட்டதே இல்லை. நடுங்கிய குரல்தான். ஆனால் இரண்டு கட்டையில் கச்சிதமாக நின்றது. நான் அவசரமாகப் பெடலை மிதித்தேன்.

அவர் பக்கத்துத் தொப்பி நிமிர்ந்தது. அதற்கடுத்த தொப்பியும். அந்த வரிசையில் இருந்த ஒவ்வொருத்தியும் ஒரு காலத்தில் பாடகர் குழுவில் நின்றவள். மேலே எட்டாமல் போனபோது ஒவ்வொருத்தியாக வாயை மூடி, விசிறியை வாங்கிக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்தவள். பாட்டை அவர்கள் இருக்கும் இடத்துக்கு யாரும் கொண்டுவந்ததே இல்லை. இப்போது அந்த வரிசை முழுக்கப் பாடியது. என் கண்ணாடி நனைந்து பெடல் தெரியவில்லை. பரவாயில்லை, என் காலுக்குக் கண் வேண்டாம்.

வெர்டெல் பியானோமேல் இருந்த மைக்கை எடுத்தாள். தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. முன்வரிசைக்குப் போய், தரையில் முழங்காலிட்டு, அதைக் கோராலி அம்மாவின் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"இந்த எடத்துல எனக்கு வருதுடி," என்றார் அவர். மைக்கில் ஆலயம் முழுக்கக் கேட்டது. "இத்தன வருஷம் எங்கடி வச்சிருந்த இத? இன்னொரு தடவ எடு."

பாஸ்டர் பெட்டியோடு இன்னும் நின்றுகொண்டிருந்தார். "அம்மா, நிகழ்ச்சி நேரமாகுது, சிஸ்டர் மேஹியூவ உங்க பக்கத்துல..."

"நீ உக்காரு தம்பி," என்றார் கோராலி அம்மா. "நாங்க பாடிக்கிட்டிருக்கோம்."